போலி என்ற சொல்லுக்குப் பொருள்

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பே வந்த பெயர் அது. சின்ன வயதில் யார் என்ன சொன்னாலும் ஒரு எதிர்ச்சொல் தயாராக வைத்திருப்பாள். "சரியான அகராதி பிடிச்சவ" என்று அத்தை ஒருநாள் திட்டினாள். பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. அவளுடைய தம்பிக்குப் பெயர் கிளி. கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்வான். வாத்தியார் குரலில் பேசி வகுப்பையே எழுந்து நிற்க வைத்தவன், வளர்ந்த பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டான். கல்யாண மேடை, கம்பெனி ஆண்டுவிழா என்று மைக் கொடுத்த இடத்திலெல்லாம் பலகுரல் பேசினான்.

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில், லிப்ட் அடிக்கடி படுத்துவிடுகிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவளுக்குப் பொருத்தமான ஆளும் கிடைக்கல, சொல்லும் கிடைக்கல" என்பான் கிளி.

அந்த வருஷம் இருவரையும் ஒரே சொல் பிடித்து ஆட்டியது.

அலுவலகத்தில் கலைச்சொல் அகராதியின் புதிய பதிப்பு நடந்துகொண்டிருந்தது. குழுவுக்குத் தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர். கணினிச் சொற்களுக்கென்று ஒரு பொறியாளர் வாரம் ஒருநாள் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார். கம்ப்யூட்டர்க்காரர் என்றால்தான் அலுவலகத்தில் அவரைத் தெரியும். பதிவுகளை எழுதிச் செப்பம் செய்வது அவளுடைய வேலை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பகர வரிசையில் 'போலி' வரும்வரை. இன்னொன்றைப் போலவே செய்வது மனிதனானாலும் சரி, கணினி நிரலானாலும் சரி, அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று பல இடங்களிலிருந்து கேட்டிருந்தார்கள்.

"அதாவது என்னன்னா," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலைவர் ஆரம்பித்தார். எந்தப் பேச்சையும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். "செயல் ஒண்ணு. அதனால சொல்லும் ஒண்ணு. போலி. முடிஞ்சுது."

"முடியல ஐயா," என்றாள் அகராதி. "வேரைப் பார்த்தா நல்ல சொல்லுதான். போல்னா ஒத்திருத்தல். அதுலேர்ந்து போலி. இலக்கணத்துல பந்தலைப் பந்தர்னு சொன்னா அதுக்குப் பேரு போலி. ஐந்தை அஞ்சுன்னு சொன்னாலும் போலிதான். எழுத்து மாறினாலும் பொருள் மாறாம நிக்கும், யாரும் அதைக் குத்தம் சொல்றதில்ல. ஆனா இன்னைக்குக் கடைத்தெருவுல போய்க் கேளுங்க. போலி மருந்து, போலி டாக்டர், போலிச் சான்றிதழ். சொல்லு பூரா அழுக்கேறிப்போச்சு."

கம்ப்யூட்டர்க்காரர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். சாதுவான மனிதர், ஆனால் அன்று முகம் சிவந்திருந்தது. "எமுலேட்டரைப் போலின்னு போட்டா எங்க ஆளுங்க சிரிப்பாங்க சார். பழைய மெஷின் ஒண்ணு செத்துப்போச்சு. அதுல ஓடின புரோகிராமெல்லாம் இன்னும் வேணும். அதனால புது மெஷினுக்குள்ள, பழசு எப்படி நடந்துக்குமோ அச்சு அசலா அப்படியே நடந்துக்கற மாதிரி ஒண்ணை எழுதுறோம். அது யாரையும் ஏமாத்தல. பெரியவர் செஞ்ச வேலையை அவர் போனப்புறம் பிள்ளை எடுத்துச் செய்யிற மாதிரி. அதைப் போயி போலின்னா?"

பாவனையிலிருந்து பாவிப்பான் என்று எடுக்கலாமா என்று தலைவரே ஒருமுறை கேட்டார். "பாவிப்பயன்னு திட்டுற மாதிரி இருக்கே சார்," என்றார் கம்ப்யூட்டர்க்காரர். ஒத்திருப்பது என்ற பொருளில் ஒப்பன் என்று போடலாமா என்றால், பேச்சு ஒப்பனைக்குப் போய், அங்கிருந்து முகப்பவுடருக்குப் போய் நின்றது. நகலி என்று அகராதி சொன்னாள். நகல் அரபு மொழியிலிருந்து வந்தது, வெளிச்சொல் என்றார் தலைவர். பழைய தமிழிலும் நகல் இருக்கிறது, அதற்குச் சிரித்தல் என்று பொருள், இரண்டும் வேறு வேறு சொல், உருவம் மட்டும் ஒன்று என்று அவள் விளக்கியதும், "பார்த்தியாம்மா, இன்னும் குழப்பம்" என்று அதையே அவளுக்கு எதிராகத் திருப்பினார்.

கடைசியில் அவள் இரண்டு பதிவு கேட்டாள். ஏமாற்றும் எண்ணத்தோடு இன்னொன்றைப் போலச் செய்வது போலி. வெளிப்படையாகச் செய்வது நகலி. செய்வது மனிதனா இயந்திரமா என்பது பொருட்டல்ல, எண்ணம்தான் கணக்கு. தலைவர் தலையாட்டினார், அதை ஒப்புதல் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் எழுதிய தாள் குறுக்குக்கோடு போட்டுத் திரும்பி வந்தது. இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. நடுவில் தலைவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு வீட்டில் படுத்துக்கொண்டே போனில் அலுவலகத்தை நடத்தினார். அகராதி சமைக்கும்போதும் கூப்பிடுவார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே சரி ஐயா, இல்லை ஐயா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த அறையில் கிளிக்கு அதைவிடப் பெரிய இழவு.

மேடை வாய்ப்புகள் குறைந்ததும் அவன் தன் குரல்களை வீடியோவாக இணையத்தில் போட ஆரம்பித்திருந்தான். அதில் நன்றாகப் பேர் எடுத்தது மனிதக் குரல்கள் அல்ல. லிப்டுக்குள் பேசும் பெண், வழி சொல்லும் போன், 'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று காக்க வைக்கும் குரல், இவற்றை அவன் போட்டால் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில் அந்த இணையதளம் அவனுடைய பக்கத்தை மூடிவிட்டது. 'உங்கள் பதிவுகள் கணினியால் உருவாக்கப்பட்ட போலிக் குரல்கள் என்று கண்டறியப்பட்டுள்ளன' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

முதலில் கிளி சிரித்தான். நான் மனிதன், என் வாயால் பேசியது என்று எழுதிப் போட்டான். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று அவன் அனுப்பிய கையோடு பதில் வந்தது. பரிசீலித்ததும் கணினிதான் என்று அவனுக்குப் புரிந்தது. கேமராவைக் கிட்டே வைத்து, வாயும் தொண்டையும் தெரிகிற மாதிரி பேசி அனுப்பினான். வாயசைவும் செயற்கையானது என்று பதில் வந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் எடுத்தது. அவன் நாற்பது தடவை மேடையில் பேசிக் கைதட்டு வாங்கிய அதே குரல்.

"மனுஷங்க யாராவது இருந்தா குடும்மா," என்று அந்த இயந்திரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தவனை அகராதி கதவோரத்தில் நின்று பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டில் அவன் அவள்மேல் பாய்ந்தபோது அந்தப் பாவமெல்லாம் பறந்துபோனது.

"உங்க ஆபீஸ்ல அந்தச் சனியனுக்கு நல்ல பேரு தேடுறீங்களாமே. போன்ல கேட்டேன். நகலியாம், மரியாதையாம். என்னைப் போலின்னு சொல்லிட்டு அது ஊர்சுத்துது."

"உன்னைப் போலின்னு நான் சொல்லலடா. எண்ணத்தைப் பொறுத்துத்தான் பேரு. ஏமாத்தினா மனுஷனும் போலிதான், ஏமாத்தலைன்னா மெஷினும்…"

"எண்ணமா? அதுக்கு ஏதுக்கா எண்ணம்? ஒரு குரலைப் புடிக்க நான் மாசக்கணக்கா ஒருத்தன் பின்னாடி அலையறேன். அவன் எங்க மூச்சு வாங்குறான், எந்த எழுத்துல பல்லைக் கடிக்கிறான்னு பார்க்கிறேன். அது அரை நிமிஷம் கேட்டுட்டுப் பேசிடுது. என் உழைப்பும் அதுவும் ஒண்ணா? மனுஷன் செஞ்சா ஒரு பேரு, மெஷின் செஞ்சா ஒரு பேரு. அப்படி எழுது."

"உனக்காக அகராதி எழுத முடியாது."

"யாருக்காகத்தான் எழுதறே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அலுவலகத்தில் ஒரு சுவர், வீட்டில் ஒரு சுவர். எதில் தலையை முட்டிக்கொள்வது என்பதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் பகர வரிசைப் பக்கங்கள் அச்சாகி வந்தன. புதுத் தாள் வாசனையோடு கட்டு மேஜைமேல் கிடந்தது. தலைவர் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல்முறையாக அலுவலகம் வந்திருந்தார். அகராதி ஆசையாகப் பக்கத்தைப் புரட்டினாள். போலி வரவேண்டிய இடத்தில் நகலியையும் சேர்த்து இரண்டு பதிவு இருந்தது. ஒரு நொடி அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் படித்தாள்.

'நகலி: பிறர் குரலையோ செயலையோ தன் உழைப்பால் அவ்வாறே செய்து காட்டும் மனிதக் கலைஞர். போலி: மேற்படி வேலையை உழைப்பின்றிச் செய்யும் இயந்திரம்.'

"இது யாரு எழுதினது?" என்று அவளும் தலைவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

டிடிபிக்காரர் விழித்தார். பக்கம் அமைக்கும் வேலை அவருடையது, சொன்னதை மட்டும் செய்கிறவர். "நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க? 'அதாவது என்னன்னா, ரெண்டு பதிவாப் போட்டுடுங்க, எழுதிக்கங்க'ன்னு. வரிக்கு வரி சொன்னீங்க. கமா எங்க போடணும்னுகூடச் சொன்னீங்க."

"நான் சொல்லவே இல்ல."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா சார்? நடுவுல கண்ணு உறுத்துதுன்னுகூடச் சொன்னீங்க."

தலைவர் மெதுவாகக் கம்ப்யூட்டர்க்காரர் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் குரலை கம்ப்யூட்டர்ல உண்டாக்க முடியுமாமே?"

"முடியும் சார். அரை நிமிஷப் பேச்சு இருந்தாப் போதும்," என்று சாதாரணமாகச் சொன்னவர், சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், என்னையா சொல்றீங்க? அதுல மெஷினைத்தானே போலின்னு போட்டிருக்கு? அதைக் கூடாதுன்னு கத்தினவனே நான்தானே?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு மாத்திப் போட்டிருக்கலாம். இந்த வித்தை தெரிஞ்சவர் இங்க நீங்க ஒருத்தர்தான்."

கம்ப்யூட்டர்க்காரர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அகராதி அந்தப் பதிவுகளை மறுபடி படித்தாள். 'உழைப்பு' என்ற சொல் இரண்டு பதிவிலும் வந்திருந்தது. அந்தச் சொல் எந்த வாயிலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், போகாதீங்க. நாளைக்கு வரைக்கும் டயம் குடுங்க," என்றாள். என்ன, ஏது என்று யார் கேட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது கிளி துணி மடித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க தலைவர் மாதிரி பேசு."

அவன் முகம் பூரித்துப் போனது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தொண்டையைக் கனைத்தான். "அதாவது என்னன்னாம்மா…" என்று அவர் வினைச்சொல்லுக்கு முன்னால் இழுக்கும் அந்த மூச்சோடு ஆரம்பித்து, "சமையக்கட்டுல கேட்டுக் கேட்டே புடிச்சுட்டேன். பக்கம் அமைக்கிறவர் நம்பரை உன் போன்லேர்ந்து எடுத்தேன். உனக்கு நல்லதுதானே பண்ணேன்? நீ கேட்ட ரெண்டு பதிவு வந்துடுச்சுல்ல?" என்று தன் குரலில் முடித்தான்.

"நான் கேட்டதா அது? என் வார்த்தையை எடுத்து உன் ஆத்திரத்தை அதுக்குள்ள திணிச்சிருக்கே. ஒரு அப்பாவி மனுஷன் மேல பழி விழுந்திருக்கு. கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு சொல்லிட்டாங்க."

பழி என்றதும் அவன் வருத்தப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மடித்த துணியைக் கீழே போட்டான்.

"கம்ப்யூட்டர் செஞ்சதுன்னா? நான் செஞ்சதை? என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமா ஒரு குரல் வந்ததில்லக்கா. அதையும் அதுக்கே தூக்கிக் குடுத்துட்டாங்களா?"

"இன்னொருத்தர்னு நம்ப வச்சு ஒரு காரியத்தைச் சாதிச்சிருக்கே. நான் எழுதின பொருள்படி பார்த்தா இப்ப நீதான்டா போலி. மெஷின் இல்ல."

அவன் கீழே போட்ட துணியை எடுத்து மறுபடி மடித்தான். பிறகு, "நாளைக்கு நானே வந்து சொல்றேன்," என்றான்.

வந்தான், சொன்னான். தலைவர் நம்பவில்லை.

"அக்காவோட ஆபீஸ் பிரச்சனைக்குத் தம்பி பழியை ஏத்துக்கறியா? நல்ல பிள்ளைதான். ஆனா அதாவது என்னன்னா, மனுஷனால அவ்வளவு துல்லியமா முடியாதுப்பா."

கிளி பேசிக் காட்டினான். டிடிபிக்காரர், "இதேதான் சார், இதே குரல்தான்" என்று எழுந்தே நின்றுவிட்டார். கம்ப்யூட்டர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவருடைய முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுவா என் குரல்? நான் இப்படி இழுத்தா பேசுறேன்? துளிகூட ஒட்டல."

தன் முதுகும் தன் குரலும் யாருக்கும் தெரிவதில்லை. கிளி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் எரிச்சலின் உச்சியில் இருந்தாள். "ஐயா, வீட்டம்மாவுக்கு உங்க குரல் தெரியும்ல?" என்றாள்.

அலுவலகப் போனிலிருந்து எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். மறுமுனையில் தலைவருடைய மனைவி எடுத்தார். கிளி கனைத்துக்கொண்டு, "அதாவது என்னன்னா, அந்தக் கண்ணு மருந்தை எங்க வச்சே?" என்றான்.

"காலையிலேயே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, உங்க சட்டைப் பையிலதான் போட்டிருக்கேன்னு. காதுலயே வாங்கறதில்ல. கண்ணுக்குப் பண்ண ஆபரேஷனைக் காதுக்குப் பண்ணியிருக்கலாம். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றீங்க, வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா ஏறுதா?"

தலைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மருந்துப் புட்டி அங்கேதான் இருந்தது. அவரே கைநீட்டி இணைப்பைத் துண்டித்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கும் துணிவு யாருக்கும் இல்லை.

"சரி, நீதான்," என்றார் கடைசியில். கறுப்புக் கண்ணாடிக்குள் அவருடைய பார்வை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "நல்லாத்தான் பண்றே. அதனாலதான் பயமா இருக்கு." கம்ப்யூட்டர்க்காரரிடம் மன்னிப்பும் கேட்டார். முணுமுணுக்காமல் முழுசாகக் கேட்டார்.

கிளி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? "சார், நான் மனுஷன்தான், என் வாயாலதான் பேசினேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, என் பக்கத்தைத் திரும்ப வாங்கிடுவேன்," என்றான்.

"என்னை ஏமாத்தினதுக்கு என்கிட்டயே சர்டிபிகேட்டா? போப்பா."

நியாயம்தான். அகராதிக்கே அது நியாயமாகப் பட்டது, அதனால் தம்பிமேல் இன்னும் கோபம் வந்தது.

அப்புறம் நடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தன. அச்சான பக்கங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி அச்சடித்தார்கள். போலி என்ற ஒரே பதிவு, தலைவர் சொன்னபடியே வந்தது. 'பிறிதொன்றைப் போலச் செய்யும் மனிதர் அல்லது நிரல்.' அவளைப் பகர வரிசை வேலையிலிருந்து எடுத்து, யாரும் சண்டைபோடாத வகர வரிசைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர்க்காரர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் போன் செய்தபோது, "மன்னிப்பு கேட்டுட்டார்மா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த நாற்காலியில உட்கார மனசு வரல," என்றார். அவளால் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. கணினிச் சொற்களைப் பார்க்க வேறு ஆள் கிடைக்காமல் பாதி வேலை அப்படியே நின்றது.

இணையதளத்திலிருந்து பதிலே வரவில்லை. கிளி வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தான். பார்க்க ஆள் இல்லை. அக்கா அவனோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேஜைமேல் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவனுக்கு ஒரு பள்ளிக்கூட விழாவில் மேடை கிடைத்தது. கூப்பிட்டவர், "நேர்லதானே பண்ணுவீங்க, கம்ப்யூட்டர் ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டதும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றதும், போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அடுப்படியில் அவளுக்குக் கேட்டது. சொல்லாமல் கிளம்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாதியில் மைக் கரகரத்து நின்றுபோனது. அவன் மேடையை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே வெறும் தொண்டையால் பேசினான். பின்வரிசை வரை எட்டவில்லை. சலசலப்பில் பாதிக் குரல்கள் அவளுக்கு விளங்கவே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். தொண்டை கட்டிப்போய், வியர்வையோடு வெளியே வந்தவன் வாசலில் அவளைக் கண்டு நின்றான்.

"எப்படி இருந்துச்சு?"

"பின்னாடி ஒண்ணும் கேக்கல."

பஸ் வரவில்லை. நடந்தார்கள். வழியில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, கட்டிய தொண்டையில், "நான் போன்ல சொன்ன பதிவு தப்புதான்கா. உன்னோடது சரி. உங்க அடுத்த பதிப்புல மாத்திடேன்," என்றான்.

"அடுத்த பதிப்பு வர இன்னும் பத்து வருஷம் ஆகும்டா."

"அவ்வளவு நாளா?"

"அவ்வளவு நாள்தான். பேசாம வா, தொண்டை இன்னும் கட்டிக்கும்."